தோற்ற நாளில் கொடுத்த பலாத்தோ

சாந்தோ நாற்காலியில் முழுதாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு கால் மடங்கி நாற்காலியின் மேல் இருக்கும். மற்றது தரையில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தில் மேசை ஆடும், கணினித் திரை ஆடும், கோப்பையில் காப்பி அலையடிக்கும். "உக்காந்திருக்கியா, ஓடப்போறியா?" என்று கேட்டால், "ரெண்டுக்கும் தயாரா இருக்கேன்" என்பான்.

சென்ற மாதம் அவன் இறந்தான். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் மருத்துவர். நாற்பத்தொரு வயது. இந்த வீட்டில் இப்போது எதுவும் ஆடுவதில்லை.

என் கணவன்; முழுப்பெயர் கிரிசாந்தோ. இலோய்லோ என்ற தீவு நகரத்தில், ஹாரோ பேராலயத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் எங்கள் வீடு. கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை. நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அவன் ஒரு கால்சென்டரில், அமெரிக்காக்காரர்களின் தொலைபேசி பில் புகார்களைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு நாள் அந்தக் கம்பெனி தன் வேலையை வேறு நாட்டுக்கு மாற்றிக்கொண்டது. இருநூறு பேரை ஒரே மதியத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். சாந்தோ வீட்டுக்கு வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் கணினியைத் திறந்தான்.

இணையத்தில் போக்கர் ஆடுவது அவனுக்குப் புதிதல்ல. விடுமுறை நாட்களில் ஆடி, போட்ட பணத்தைத் தோற்றுவிட்டு, சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவான். இப்போது சிரிக்கவில்லை. அமெரிக்காவில் வெள்ளி இரவு என்றால் எங்களுக்குச் சனிக்கிழமை காலை. அங்கே அவர்கள் வேலை முடிந்து குடித்துவிட்டு மேசைக்கு வரும் நேரத்தில், இங்கே சந்தில் ரொட்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போவான். "பில் எகிறிடுச்சுன்னு என்னைத் திட்டின அதே ஆளுங்கதான். இப்போ அவங்க பணத்தை நான் எடுக்குறேன்" என்றான். முதல் மூன்று மாதங்களில் அவன் ஒன்றையும் எடுக்கவில்லை. அவர்கள்தான் எடுத்தார்கள்.

மேசைகளுக்கு அவன் வைத்திருந்த பெயர்களையே நானும் சொல்கிறேன். எவ்வளவு பணத்தோடு உட்காரலாமோ அதுதான் மேசையின் பெயர். இரண்டு டாலர் மேசை, ஐந்து டாலர் மேசை, பத்து, இருபத்தைந்து. ஒரு மேசையில் உட்கார வேண்டுமென்றால், அங்கே நாற்பது தடவை முழுசாகத் தோற்றாலும் தாங்கும் அளவுக்குக் கையில் பணம் இருக்க வேண்டும். முப்பதுக்குக் கீழே போனால், மானம் பார்க்காமல் கீழ் மேசைக்கு இறங்க வேண்டும். அந்தப் பணத்துக்கு 'முதல்' என்று பெயர். கடைக்காரனுக்கு முதல் எப்படியோ அப்படி. அதில் அரிசி வாங்கக்கூடாது, மின்கட்டணம் கட்டக்கூடாது. வீட்டுக்கு என் சம்பளம், மேசைக்கு அவன் முதல் என்று பேசிக்கொண்டோம்.

ஒன்றரை வருடம் கெடுவும் வைத்தோம். பிப்ரவரியில் வரும் எங்கள் ஹாரோ திருவிழாவுக்குள் அவன் இருபத்தைந்து டாலர் மேசைக்குப் போய்விட வேண்டும். அங்கே போனால் கால்சென்டர் சம்பளத்தைவிடக் கொஞ்சம் கூடவே வரும் என்று கணக்குப் போட்டிருந்தான். போக முடியாவிட்டால், பழைய மேலாளர் அவனுக்காகச் சொல்லி வைத்திருந்த வேறொரு கால்சென்டர் வேலையில் போய் உட்கார வேண்டும். தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலைக்கூட ஆட்ட முடியாமல், இரவு முழுக்க. "என்னைப் பெட்டியில வச்சு ஆணியடிச்ச மாதிரி" என்பான் அந்த வேலையை.

அவன் ஏன் தோற்றுக்கொண்டே இருந்தான் என்று கண்டுபிடித்தவன் ஜோமெல். பழைய வேலையில் கூட இருந்தவன். இப்போது கடலுக்கு அந்தப்பக்கம் பகோலோதில் இருந்துகொண்டு அதே மேசைகளில் ஆடுபவன். மதியம் ஆட்டம் முடிந்ததும் இருவரும் தொலைபேசியில் அன்றைய ஆட்டங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார்கள். நான் சனி, ஞாயிறுகளில் சமைத்துக்கொண்டே கேட்பேன்.

"கடைசிச் சீட்டு வந்துடுச்சு. அவன் இருக்குற பணம் மொத்தத்தையும் தள்ளுறான். உன்கிட்ட என்ன இருக்கு?"

"ஒரு ஜோடி ஒன்பது."

"ஒரு ஜோடியை வச்சுக்கிட்டு எதுக்குடா கட்டின?"

"அவன் கையில என்ன இருக்குன்னு பாக்கணும்போல இருந்துச்சு."

"பாக்கணும்னா சினிமாவுக்குப் போ. டிக்கெட்டு இதைவிடச் சல்லிசு."

சாந்தோ சீட்டு கற்றது துக்க வீடுகளில். எங்கள் ஊரில் அப்படித்தான் எல்லோரும் கற்றோம். பிணம் வீட்டில் இருக்கும் நாட்களில், கூட உட்கார்ந்திருக்க வருபவர்கள் விழித்திருப்பதற்காகச் சீட்டாடுவார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு பங்கு இறந்தவரின் வீட்டுக்குப் போகும். அங்கே சீட்டு மோசம் என்று கவிழ்த்துவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தால் நன்றாக இருக்காது. ஆட்டத்தில் இருக்க வேண்டும், சில்லறை போட வேண்டும், கடைசிவரை பார்க்க வேண்டும். அதுதான் மரியாதை. அந்த மரியாதையை முன்பின் தெரியாத டெக்சாஸ்காரனுக்கு ஒவ்வொரு காலையும் இவன் செய்துகொண்டிருந்தான்.

அதை விடுவதற்குள் அவன் பட்ட பாடு! பெரிய பந்தயம் வந்தால் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்காருவான். இடது கையால் மவுஸை நகர்த்திச் சீட்டைக் கவிழ்ப்பான். கவிழ்த்ததும் எழுந்து ஜன்னல்வரை போவான், திரும்புவான், மறுபடி பாதி உட்காருவான். தலைச்சூடு ஏறினால் கீழே போய்த் தண்ணீர்த் தொட்டியில் முகத்தை முக்குவான். ஒரே நேரத்தில் ஆடும் மேசை ஒன்று இரண்டாயிற்று, இரண்டு நான்காயிற்று. அவன் வெற்றி தோல்வியைக் கணினி வரைந்து காட்டிய கோடு மெல்ல மேலே ஏறத் தொடங்கியது.

முதல் மட்டும் ஏறவில்லை.

"கோடு மேலே போகுது. பணம் அங்கேயே நிக்குது. நடுவுல எவன் தின்னுறான்?" என்றான் ஜோமெல்.

சாந்தோ என்னைப் பார்த்தான். நான் அகப்பையோடு ஜன்னலைக் காட்டினேன். கீழே சந்து.

ஜெயித்தவனிடம் பங்கு கேட்பதற்கு எங்கள் ஊரில் யாருக்கும் கூச்சம் கிடையாது. அந்தப் பங்குக்குப் பலாத்தோ என்று பெயர். அது பிச்சை இல்லை, கடனும் இல்லை. வாங்கியவர் திருப்பித் தர வேண்டாம், நன்றிகூடச் சொல்ல வேண்டாம்; ஜெயித்தவனுடைய அதிர்ஷ்டத்திலிருந்து ஒரு கை அள்ளிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். கொடுக்காதவனை விட்டு அதிர்ஷ்டம் போய்விடும் என்பார்கள். அதைவிட மோசம், அவன் பெயர் கெட்டுப்போகும். சாந்தோ ஜெயித்தால் விசில் அடிப்பான். அவனுக்கே தெரியாமல் வரும் விசில். அதற்காகவே கீழே முடிவெட்டும் மனோங் பெப்பிங் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். மனோங் என்றால் அண்ணன், கூப்பிடும்போது நோங்; தம்பி முறைக்குத் தோதோ.

"தோதோ! விசில் சத்தம் கேட்டுச்சே!"

"சும்மா அடிச்சேன், நோங்."

"சும்மா அடிக்கிற விசில் வேற மாதிரி இருக்கும். எனக்குத் தெரியாதா? பலாத்தோ எங்க?"

ஐம்பது பீசோ அவருக்கு. அவர் நாற்காலியில் பாதித் தலையோடு உட்கார்ந்திருப்பவருக்கு இருபது. எதிர்வீட்டுப் பெண்ணின் கைப்பேசிக்குக் காசு. மூலைக்கடையில் நான்கு பேருக்குக் குளிர்பானம். தோற்ற நாளில் அவனுக்கு யாரும் எதுவும் தருவதில்லை. ஜெயித்த நாளில் பாதி போய்விடும். இந்தக் கணக்கில் உலகத்தின் முதல்தரமான ஆட்டக்காரனும் ஏறமாட்டான்.

"ஜெயிச்சதைச் சொல்லாதே" என்றான் ஜோமெல்.

"சொல்றது இல்லியே. மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சிடுறாங்க."

"அப்போ மூஞ்சியை மாத்து."

மாற்றினான். பெரிய நடிகன் ஒன்றும் இல்லை. ஆனால் பயிற்சியில் எதையும் கொண்டுவந்துவிடலாம் என்று நம்புகிறவன். நன்றாக ஜெயித்த நாளில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, தோளைத் தொங்கவிட்டு, படியில் ஒவ்வொரு அடியாக இறங்குவான். பெப்பிங் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலைத் திரும்ப எடுப்பார். "இன்னிக்கும் போச்சா, தோ?" சாந்தோ தலையை மட்டும் அசைப்பான். மேலே வந்து கதவைச் சாத்தியதும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசில் அடிப்பான்.

பணம் ஏறியது. ஐந்து டாலர் மேசை, பிறகு பத்து டாலர் மேசை. ஆனால் அவன் நினைத்துப் பார்க்காத ஒன்றும் கூடவே நடந்தது. சந்து அவனுக்காக இரக்கப்படத் தொடங்கியது.

பக்கத்து வீட்டு அக்கா, மனாங் நெனிங்தான் முதலில் வந்தவள். அவளுடைய கணவர் மனோங் உஸ்திங் மூன்று சக்கர வண்டி ஓட்டுபவர். நெனிங் காலையில் இஞ்சி போட்ட கோழிக்கஞ்சி காய்ச்சித் தெருமுனையில் விற்பாள். விற்று மிச்சமானதை ஒரு கிண்ணத்தில் மூடி எடுத்துக்கொண்டு படியேறி வந்துவிடுவாள்.

"சாப்பிடு தோ. தோத்த வயிறு காலியா இருக்கக்கூடாது."

"இல்ல நாங், பசிக்கலை."

"பொண்டாட்டி சம்பளத்துல சாப்பிடுறோமேன்னு உனக்குக் கூச்சம். தெரியும். இது என் கஞ்சி, சாப்பிடு." பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்துவாள்; அது அவனுக்கும் நன்றாகவே கேட்கும். இளையவளான என்னை இந்தாய் என்பார்கள். "திட்டாதே, இந்தாய். நல்ல பையன்தான். சீட்டுதான் அவனுக்கு ஒட்டலை."

அன்று காலை அவன் முப்பது டாலர் ஜெயித்திருந்தான். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டான். அவள் இறங்கிப் போனதும் அறைக்குள் நடக்க ஆரம்பித்தான். கட்டிலிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து கட்டில்.

"முட்டைகூடப் போட்டிருக்கா பாத்தியா? காசு குடுத்து வாங்குறவனுக்கே முட்டைக்குத் தனிக்காசு."

"திருப்பிக் கொடு."

"எப்படிக் கொடுக்குறது? எதுல இருந்து வந்துச்சுன்னு கேப்பா."

பெப்பிங் அவனுக்கு இலவசமாக முடிவெட்டினார். மூலைக்கடையில் கேட்காமலே ஒரு துண்டு ரொட்டி சேர்த்துக் கொடுத்தார்கள். யாரோ ஒருவர் மீன் ஐஸ் கிடங்கில் வேலை காலியாக இருக்கிறது என்று வந்து சொன்னார். சாந்தோவின் முதல் தொள்ளாயிரம் டாலரைத் தாண்டியிருந்தது. ஆயிரம் ஆனால் இருபத்தைந்து டாலர் மேசை. டிசம்பர் தொடங்கியிருந்தது, கிறிஸ்துமஸுக்குள் போய்விடலாம் என்றான். அவன் கால் இன்னும் வேகமாக ஆடியது. தூக்கத்திலும் ஆடியது. என் முழங்காலில் அந்தத் தாளம் விழுந்துகொண்டே இருக்கும்.

அந்த வாரம் உஸ்திங் வண்டியிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். பித்தப்பையில் கல், அதில் சீழ். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் அவசரமாக அறுத்தார்கள். பிழைத்துவிட்டார். பிழைத்தவரை வீட்டுக்கு அனுப்பத்தான் அவர்களுக்கு மனமில்லை. அரசாங்கக் காப்பீடு போக இன்னும் முப்பத்திரண்டாயிரம் பீசோ கட்ட வேண்டும், கட்டினால்தான் வெளியே போவதற்கான சீட்டு. கட்டாத ஒவ்வொரு நாளுக்கும் கட்டில் வாடகை வேறு ஏறிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், பெப்பிங் ஒரு பிஸ்கட் டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார். நானும் சாந்தோவும் ஜன்னலில் நின்றோம். எதிர்வீடு, அதற்கடுத்த வீடு, பிறகு எங்கள் பக்கம். சாந்தோ பையில் கைவிட்டுப் பணத்தைத் தயாராக வைத்திருந்தான். பெப்பிங் எங்கள் வாசலுக்கு வந்தார். மேலே பார்த்தார். டப்பாவைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "சாப்பிட்டியா, தோதோ?" என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

சாந்தோ ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றான். அவன் கால் அசையவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

"நம்ம வாசல்ல நிக்கலை."

"உன்கிட்ட இல்லைன்னு நினைக்கிறாங்க. நீதான் அப்படி நினைக்க வச்ச."

"அந்த டப்பாவுல எவ்வளவு சேரும்? ரெண்டாயிரம்? மூணாயிரம்?" பிறகு மறுபடி நடக்க ஆரம்பித்தான். "நான் கொண்டுபோய்க் குடுத்தா?"

"குடேன்."

"வாங்கமாட்டா. ஒண்ணுமில்லாதவன் எங்கேயோ கடன் வாங்கிக் குடுக்குறான்னு நினைப்பா. உண்மையைச் சொன்னாலும் வாங்கமாட்டா. ஒரு வருஷமா அவ கஞ்சியைத் தின்னுட்டு ஏமாத்தினவன் காசு. வாங்கினாலும் சாகுறவரைக்கும் என்னைப் பாக்குறப்பல்லாம் தலையைக் குனிஞ்சுக்கிட்டே போவா."

நான் அவனுடைய முதலைப் பற்றிப் பேசவில்லை. அவன்தான் பேசினான். இன்னும் சரியாக நாற்பது டாலர். நல்ல சனிக்கிழமை ஒன்று போதும். கொடுத்துவிட்டால் ஐந்து டாலர் மேசைக்கு இறங்க வேண்டும். திருவிழாவுக்குள் திரும்ப ஏற முடியாது. அப்படியென்றால் அந்தப் பெட்டி, அந்த ஆணி. இதையே ஞாயிறு முழுக்க முன்னும் பின்னும் சொன்னான். பகோலோதுக்குப் போன் செய்தான்.

"முதல் மேல கை வைக்காதே. முதல் இல்லாத ஆட்டக்காரன் பிணம்" என்றான் ஜோமெல்.

"சரி."

"சரின்னு சொல்ற குரலே சரியில்லையே."

திங்கட்கிழமை மாலை நான் வேலையிலிருந்து வந்தபோது பணத்தை எடுக்க எழுதிப் போட்டுவிட்டிருந்தான். அந்த இணையதளத்திலிருந்து பணம் எங்கள் கைக்கு வர நான்கு நாள் ஆகும். எழுநூற்றைம்பது டாலர்.

"கடனா வாங்கமாட்டா, தானமாவும் வாங்கமாட்டா. ஆனா பலாத்தோன்னா வாங்கித்தானே ஆகணும்?" என்றான். "வேண்டாம்னு சொன்னா என் அதிர்ஷ்டத்தையே தட்டிவிட்ட மாதிரி. அதுக்கு நான் ஜெயிக்கணும். எல்லாருக்கும் தெரியிற மாதிரி ஜெயிக்கணும். அவளுக்கு மட்டும் குடுத்தா சந்தேகம் வரும். சந்து மொத்தத்துக்கும் குடுக்கணும்."

"அவளுக்கு மட்டும் முப்பத்திரண்டாயிரம் எப்படிக் குடுப்ப?"

நின்றான். அதை யோசித்திருக்கவில்லை. நடந்தான். படியில் இறங்கினான், ஏறினான். பிறகு சொன்னான்: "கஞ்சி."

சனிக்கிழமை காலை நெனிங் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். சாந்தோ அவள் வாசலில் போய் நின்றான். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டு வாங்கப் போனான்.

"நாங், கஞ்சி இருக்கா?"

அவள் அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "இவ்வளவு பசியா, தோ?" என்றாள். பையைக் கீழே வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எடுத்து வைத்திருந்ததிலிருந்து ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்தாள். உஸ்திங்குக்கு மருத்துவர் இன்னும் கோழி கொடுக்கக்கூடாது என்றிருக்கிறார், நீயே சாப்பிடு என்றாள். அவன் வாசலிலேயே நின்று, பெப்பிங் பார்க்கும்படி சாப்பிட்டான்.

பிறகு மேலே வந்து உண்மையாகவே ஆடினான். மிச்சமிருந்த முதலோடு, விதியை மீறிப் பத்து டாலர் மேசையில், கடைசியாக ஒரு தடவை. பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்ற ஆசை என்று நினைக்கிறேன். அன்று வந்த சீட்டுகளைப் போல மோசமான சீட்டுகளை நான் பார்த்ததில்லை. கையில் இரண்டு ராஜா இருந்தபோது எதிராளியிடம் இரண்டு ஏஸ். இரண்டு மணி நேரத்தில் மூன்று தடவை முழுசாகத் தோற்றான். வலது கையின் மேல் உட்கார்ந்திருந்தான். ஒரு தவறும் செய்யவில்லை. கடைசியில் கணினியை மூடிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இப்போ கத்தணும்" என்றான்.

"கத்து."

ஜன்னலுக்குப் போய்க் கத்தினான். ஒரு வருடமாகச் சோகத்துக்கே பழக்கிய தொண்டை. சத்தம் உடைந்து, ஊளை மாதிரி வந்தது. கீழே பெப்பிங் பதறி எழுந்தார்.

"என்னாச்சு தோ? கம்ப்யூட்டரையும் தோத்துட்டியா?"

"ஜெயிச்சுட்டேன், நோங்!"

"என்னது?"

"போட்டியில ஜெயிச்சுட்டேன்! பெரிய போட்டி! முதல் பரிசு!"

பாதித் தலையோடு நாற்காலியில் இருந்தவர்தான் முதலில் துண்டோடு எழுந்தார். பிறகு எல்லாக் கதவும் திறந்தன. சாந்தோவைப் படியிலிருந்து இறங்கவிடவில்லை, தூக்கிக்கொண்டு போனார்கள். பெப்பிங் அவன் தலையைத் தடவித் தடவி, "இந்தத் தலைக்கு இலவசமா வெட்டினவன் நான், மறந்துடாதே" என்றார். சாந்தோ நோட்டுகளைக் கையில் கொடுத்துக்கொண்டே போனான். ஆளுக்கு ஐந்நூறு. குழந்தைகளுக்கு நூறு. இரண்டு பேர் பொரித்த கோழி வாங்க ஓடினார்கள். எதிர்வீட்டுப் பெண் அழுதாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது.

நெனிங் மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது சந்தே குடித்து ஆடிக்கொண்டிருந்தது. சாந்தோ உறையை நீட்டினான்.

"எதுக்கு இவ்வளவு கனமா இருக்கு?"

"உங்க பலாத்தோ, நாங்."

அவள் பிரித்துப் பார்த்துவிட்டு உறையைத் திருப்பி நீட்டினாள். "பைத்தியமா உனக்கு? இது பலாத்தோ இல்ல. இது காணிக்கை."

"காலையில உங்க கஞ்சியைத் தின்னுட்டுப் போய்தான் ஜெயிச்சேன். அதிர்ஷ்டம் உங்க கிண்ணத்துல இருந்துச்சு. உங்க பங்கு வேண்டாம்னு சொன்னா நாளைக்கு நான் எப்படி ஆடுறது?"

"ஆமாம், நானே பாத்தேன்!" என்று பெப்பிங் கத்தினார். "வாசல்ல நின்னு தின்னான். வழிச்சுத் தின்னான்."

கூட்டம் முழுக்க அவளைப் பார்த்தது. நெனிங் உறையை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. "நாளைக்கு முட்டை ரெண்டு போடுறேன்" என்று மட்டும் சொன்னாள். திங்கட்கிழமை உஸ்திங் தன் வண்டியிலேயே, வேறொருவர் ஓட்ட, வீட்டுக்கு வந்தார்.

முதல் நூற்றெண்பது டாலராக நின்றது. அன்று மாலையே சாந்தோ ஐந்து டாலர் மேசையைத் திறந்தான். விதி விதிதான். கால் பழையபடி ஆடியது. ஆனால் அதற்குப் பிறகு சோக முகம் வைத்துக்கொண்டு இறங்கினால் யாரும் நம்பவில்லை. "நடிக்கிறான், பலாத்தோ குடுக்க மனசில்லை" என்று சிரித்தார்கள். உண்மையாகவே தோற்ற நாட்களிலும் கொடுக்க வேண்டியதாயிற்று. திருவிழா வந்தது, சந்தில் பன்றி வாட்டினார்கள். மறுநாள் சாந்தோ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அந்தக் கால்சென்டருக்குப் போனான். இரண்டு வருடம் போனான். காலை வீடு திரும்பி, தூங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் ஐந்து டாலர் மேசையில் உட்காருவான். ஒரு தடவை பத்துக்கு ஏறினான், இறங்கினான். மறுபடி ஏற இன்னும் கொஞ்சம் இருக்கும்போது போய்விட்டான்.

ஒன்பதாம் நாள் ஜெபத்துக்கு வந்தவர்கள் கீழே அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஜெபம் முடிந்ததும் பேச்சு அந்தச் சனிக்கிழமைக்குப் போனது. பெப்பிங் பரிசு இரண்டு லட்சம் பீசோ என்றார். உஸ்திங் ஐந்து லட்சம் என்றார். எதிராளி ஜப்பான்காரன் என்று ஒருவர் சொல்ல, இல்லை, அமெரிக்கப் படைத் தளபதி என்று எதிர்வீட்டுப் பெண் அடித்துச் சொன்னாள்.

"என் கஞ்சியாலதான்" என்றாள் நெனிங். "அதுக்கு முன்னாடி பாவம், ஒரு நாள்கூட அவன் ஜெயிச்சதில்லை. நான் தினம் பாத்தவ."

அவன் ஒரு வருடம் முழுக்க ஜெயித்தான். பொறுமையாக, வலது கையின் மேல் உட்கார்ந்து, தானாக வந்த விசிலைத் தலையணையில் அமுக்கிக்கொண்டு ஜெயித்தான். அவர்கள் சொல்லும் அந்த ஒரு நாளில்தான் தோற்றான்.

"எவ்வளவு, இந்தாய்?" என்று பெப்பிங் என்னைக் கேட்டார். "நீதான் சொல்லணும். ரெண்டா, அஞ்சா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் கையில் தட்டு இருந்தது. "அஞ்சுக்குக் கொஞ்சம் குறைவு, நோங்" என்றேன். உஸ்திங் தொடையைத் தட்டிக்கொண்டு, "நான் சொன்னேன்ல!" என்றார். நான் உள்ளே போய் இன்னும் காப்பி போட்டேன்.